மோகனூர்க் காவிரியில் கயாக் விடலாமா?

கேரளாவில் கோழிக்கோட்டுக்குக் கிழக்கே கோடஞ்சேரி என்று ஓர் ஊர். தென்மேற்குப் பருவமழையில் அங்கே சாலிப்புழையும் இருவழிஞ்சிப்புழையும் நுரை பொங்க மலையிலிருந்து இறங்கும். அந்த நுரையில் கயாக் படகு விட வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2013-ல் தொடங்கிய ஆற்றுத் திருவிழா அது. ‘நம்ம மோகனூர்லயும் காவிரி இருக்கு, ஆடியில வெள்ளமும் வருது. இங்கே ஏன் விடக்கூடாது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆற்றங்கரைக்காரர்கள் எல்லோருக்கும் உபயோகப்படும் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கயாக் என்பது ஒரே ஆள் உட்காரும் ஒல்லிப் படகு. காலை உள்ளே நீட்டி, தண்ணீர் புகாதபடி இடுப்பைச் சுற்றி உறை மாட்டிக்கொள்வார்கள். கவிழ்ந்தாலும் துடுப்பை வீசி, உட்கார்ந்தபடியே நிமிர்ந்துவிடலாம். இதற்குச் சரிவும் பாறையும் உள்ள ஆறு வேண்டும். காவிரிக்கு அந்தக் குணம் ஒகேனக்கல்லோடு சரி. மேட்டூரைத் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் அகலமாகிவிடுகிறது. மோகனூரில் அசலதீபேஸ்வரர் கோயில் பக்கம் நின்று பார்த்தால், வெள்ளக் காலத்தில்கூட நுரையைக் காணோம். பழுப்பு நிறத்தில், சத்தமில்லாமல் போகிறது. அந்த அமைதியை நம்பி இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோடஞ்சேரியில் மழை பெய்தால் ஆறு ஏறும், விட்டால் இறங்கும். நம் காவிரிக்கு வானமும் வேண்டும், மேட்டூர் மதகும் வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கிருஷ்ணராஜசாகரையும் கபினியையும் நிரப்பி, பிலிகுண்டுலு வழியாக மேட்டூருக்கு வருகிறது. அணையில் 120 அடி நிறைந்துவிட்டால் வருகிற தண்ணீர் அப்படியே கீழே போகும். மோகனூரில் ஒரு சொட்டு மழை இருக்காது, வெயில் கொளுத்தும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கன அடி வெளியேறியது. லிட்டரில் சொன்னால் நொடிக்கு 56 லட்சம். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி 560-ஐ ஒவ்வொரு நொடியும் கவிழ்ப்பது போல. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். முழங்கால் ஆழம் போதும், ஆளைச் சாய்த்துவிடும்.

இந்த ஆற்றைப் படித்தவர்கள் பரிசல்காரர்கள். எதிர்க்கரை வாங்கலுக்குப் பாலம் வருமுன் சந்தைக்கும் உறவுக்கும் பரிசலில்தான் போய்வந்தார்கள். மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டக் கூடைக்கு முன்புறம் பின்புறம் கிடையாது, நேராகவும் போகாது. அதனால் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு மேலே நடப்பார்கள். சேரவேண்டிய துறைக்கு வெகு மேலே இறக்கி, ஆறு இழுக்கிற இழுப்பிலேயே சாய்வாக அக்கரை சேர்வார்கள். எவ்வளவு மேலே நடப்பது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஆவணியில் அதிகம், தையில் கொஞ்சம். கோடஞ்சேரிக்கு வருகிற வெளிநாட்டுக்காரரும் இதையேதான் செய்கிறார்: மூக்கை மேல்நீருக்குச் சாய்த்து வைத்து, ஆற்றின் பலத்திலேயே குறுக்கே கடக்கிறார். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி வருகிற இடத்தில் ஒதுங்கி மூச்சு வாங்குகிறார். நம் ஊரில் அந்த இடத்துக்குச் சுழி என்று பெயர், பிள்ளைகளைப் பயமுறுத்தப் பயன்படுகிறது. பயமுறுத்துவதும் நல்லதே. பெரிய வெள்ளத்தில் அது ஆளை உள்ளே வைத்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு கதை. மேட்டூர் கட்டுக்குள் இருக்கும். சேலத்திலிருந்து வரும் திருமணிமுத்தாறும் கொல்லிமலை ஓடைகளும் வடகிழக்கு மழையில் துள்ளும. சரிவு, பாறை, நுரை என்று கேட்டால் கொல்லிமலை ஓடைகளில் எல்லாம் உண்டு. ஆனால் காட்டாறு அரை மணியில் ஏறி, பொழுது சாய்வதற்குள் வடிந்துவிடும். மரக்கிளை, முள், கம்பிவேலி எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும். வேலி குறுக்கே கிடந்தால் தண்ணீர் அதனூடே போய்விடும், மனிதன் சிக்கிக்கொள்வான். மாட்டை ஓட்டிக்கொண்டு தரைப்பாலம் கடக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மேல்பக்கம் இடி கேட்டு, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

கயாக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது படகைவிட அவர்களுடைய தற்காப்பு. இழுத்துச் செல்லும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் கல்லிடுக்கில் மாட்டினால் ஆறு முதுகில் ஏறி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் தூக்கி மிதந்தபடி கரைப்பக்கம் சாய்வாகக் கையை வீச வேண்டும். நேர் எதிராக நீந்தினால் சோர்வுதான் மிஞ்சும். கரையில் இருப்பவர் குதிக்காமல் கயிறு வீசலாம். மூடி இறுக்கிய காலி கேன், வாழைத்தண்டு, லாரி ட்யூப் எது கிடைத்தாலும் எறியலாம். படுகையில் வாழையும் வெற்றிலையும் வைத்திருப்பவர்கள் மோட்டார் கொட்டகையில் ஒரு நீளக் கயிற்றுச் சுருள் தொங்கவிட்டால் செலவு பெரிதில்லை. வெள்ள எச்சரிக்கை வந்ததும் மோட்டாரைக் கழற்றப் பையனைத் தனியாக அனுப்பாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேராகப் போங்கள். இருட்டிவிட்டால் மோட்டார் போனால் போகட்டும்.

ஆக, ஆடி வெள்ளத்தில் மோகனூரில் கயாக் வேண்டாம். வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லிலேயே பரிசலை நிறுத்திவிடுகிறார்கள். மார்கழி, தையில் தண்ணீர் தெளிந்து, இழுப்பு குறைந்திருக்கும்போது, உரிய அனுமதியோடும் மிதவைச் சட்டையோடும் பரிசலில் போய்வரலாம். கொக்கும் நாரையும் மணல் திட்டில் நிற்கிற பருவம். என்னைக் கேட்டால் கோடஞ்சேரியைவிட அது அழகு.

வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரில் டெல்டாப் பாசனத்துக்கான தண்ணீரை நிறுத்துவார்கள். பங்குனி, சித்திரையில் ஆறு பல இடங்களில் கணுக்கால் அளவுக்கு வந்துவிடும். நடந்தே கடக்கலாம் போலத் தோன்றும். மணல் அள்ளிய பள்ளங்கள் அந்தத் தெளிந்த தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கின்றன. பரீட்சை முடிந்து பிள்ளைகள் குளிக்கப் போவதும் அதே மாதங்களில்தான். இறங்குமுன் ஒரு நீள மூங்கில் கழியை எடுத்துப் போய், அடிக்கு அடி ஊன்றிப் பாருங்கள்.