டிரைவர் எழுதிய மகள்... டார்ச் வெளிச்சத்தில் 420 முட்டைகள்!

அதிகாலை 5 மணி. நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டின் பின்கட்டில் உள்ள சின்ன அறையில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. இன்குபேட்டரில் அடை வைத்து அன்றோடு ஏழாம் நாள். உயிர் பிடித்த முட்டைக்குள் சிலந்தி வலைபோல மெல்லிய ரத்த நரம்புகள் ஓடும். கரு இறந்திருந்தால் நரம்புகள் இருக்காது. சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரியும்.

அன்று எடுத்த முட்டையெல்லாம் வளையமாகவே இருந்தது. 420 முட்டைகளில் பாதிக்கும் மேல் போயிருந்தது.

``வாங்கின முட்டையிலேயே ஏதோ கோளாறாட்ட இருக்குது கண்ணு. பழைய முட்டையைக் கலந்துட்டானோ என்னமோ'' என்றார், வாசலில் நின்றிருந்த மகளிடம்.

அவள் பதில் சொல்லவில்லை. அந்த இன்குபேட்டரின் சென்ஸாருக்கு டிரைவர் எழுதியது அவள்தான்.

`மெஷினையே மாத்திருங்க!'

அப்பா பல வருடங்கள் அடுத்தவர்களின் கோழிப்பண்ணைகளில் வேலை பார்த்தவர். பிறகு சொந்தமாக நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கலாம் என்று, சேர்த்து வைத்த பணத்தில் ஓர் இன்குபேட்டர் வாங்கினார். 500 முட்டை பிடிக்கும். முன்பக்கம் டச் ஸ்க்ரீன். உள்ளே லினக்ஸில் ஓடும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வெப்பம் 37.5 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும், ஈரப்பதம் குறையக் கூடாது, முட்டைத் தட்டை மணிக்கு ஒருமுறை சாய்த்துக்கொடுக்க வேண்டும். இதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு கோடையில் அதன் வெப்ப, ஈரப்பத சென்ஸார் செத்துப்போனது. அதே சென்ஸார் இப்போது தயாரிப்பில் இல்லை. கடைக்காரர் புது மாடல் ஒன்றைக் கொடுத்தார். அதே நான்கு வயர், அதே இடத்தில் உட்கார்ந்தது. ஆனால், ஸ்க்ரீனில் `சென்ஸார் இல்லை' என்றே வந்தது.

விற்ற நிறுவனத்துக்கு போன் போட்டார். ``அந்த மாடலை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சுங்க. புது மெஷினா வாங்கிக்கங்க'' என்றார்கள்.

``ஹீட்டர் நல்லா இருக்குது, ஃபேன் ஓடுது, மோட்டார் ஓடுது. ஒரு சின்னச் சில்லுக்காக மொத்தத்தையும் தூக்கிப் போடறதா?'' என்று அன்று முழுக்க அப்பா புலம்பிக்கொண்டே இருந்தார்.

மகள் கோயம்புத்தூரில் எம்பெடட் சிஸ்டம்ஸ் நிறுவனம் ஒன்றில் இன்ஜினீயர். ``நான் டிரைவர் எழுதிப் பார்க்கறேங்கப்பா'' என்றாள். ``டிரைவரா? மெஷினுக்கு எதுக்குடி டிரைவரு?'' என்று சிரித்தார் அம்மா.

டிரைவர் என்ன செய்கிறது?

அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். சென்ஸாருக்கு 37.5 டிகிரி என்று சொல்லத் தெரியாது. இரண்டு வயர்களின் வழியாகச் சில எண்களை அனுப்பும், அவ்வளவுதான். எந்த முகவரியில் கூப்பிட்டால் அது பதில் தரும், அளந்து முடிக்க எத்தனை மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும், வந்த எண்ணை எப்படி டிகிரியாக மாற்றுவது... இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கும் சிறிய புரோகிராம்தான் டிவைஸ் டிரைவர். பழைய சென்ஸாரின் டிரைவருக்குப் புது சென்ஸாரின் பேச்சு புரியாது. அதனால்தான் கண்ணெதிரே இருந்த சென்ஸாரை `இல்லை' என்றது மெஷின்.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மூலநிரலில் பாதிக்கும் மேல் இப்படிப்பட்ட டிரைவர்கள்தான். யாரும் படிக்கலாம், மாற்றலாம், புதிதாக எழுதிச் சேர்க்கலாம். லினக்ஸை மாற்றித் தங்கள் கருவியில் வைத்து விற்பவர்கள், அந்த மாற்றிய மூலநிரலையும் வாங்கியவருக்குக் கேட்டால் தர வேண்டும் என்பது அதன் ஜி.பி.எல் உரிமத்தின் விதி. மகள் அந்த நிறுவனத்துக்கு இரண்டு மெயில் அனுப்பினாள். பதில் இல்லை.

இந்தப் பூட்டு புதிதல்ல. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரின்டர் ஒன்று வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். சிக்கினால் பிரின்ட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போவதுபோல மாற்றிவைக்க நினைத்தார் அங்கே இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். அதற்கான மூலநிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்தவரைத் தேடிப்போய்க் கேட்டும் தர மறுத்துவிட்டார். சுதந்திர மென்பொருள் இயக்கத்தை ஸ்டால்மன் தொடங்கியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

அடுத்த உதாரணம் வீட்டு வைஃபை பெட்டி. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி 54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பதை 2003-ல் சிலர் கண்டுபிடித்து, `விதிப்படி மூலநிரலைக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். கிடைத்தது. அதிலிருந்து 2004-ல் பிறந்தது ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்கள் அதனால் மறுபடி ஓடின.

ஆனால், அந்த ரவுட்டரின் வைஃபை டிரைவர் மட்டும் பூட்டியே இருந்தது. தன்னார்வலர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு அந்த டிரைவர் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து குறிப்புகளாக மட்டும் எழுதியது. இன்னொரு குழு, பழைய நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. காப்பி அடித்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. 2006-ல் அந்த டிரைவர் லினக்ஸில் சேர்ந்தது.

அப்பாவின் இன்குபேட்டருக்கும் இப்படிப்பட்ட தன்னார்வலர்களே கைகொடுத்தார்கள். அதன் போர்டில் இருந்தது ஆல்வின்னர் சிப். அந்தச் சிப்களைப் பொது லினக்ஸில் ஓடவைக்க `லினக்ஸ்-சன்ஸி' என்ற குழு பல வருடங்களாக உழைத்துவருகிறது. அவர்களின் உழைப்பால், புது லினக்ஸை மெமரி கார்டில் ஏற்றிச் செருகியதும் பழைய போர்டு விழித்துக்கொண்டது. பாக்கி இருந்தது அந்த ஒரு சென்ஸார் மட்டும்தான்.

விட்டுப்போன ஒரு பைட்

சனி, ஞாயிறுகளில் சென்ஸாரின் டேட்டாஷீட்டைப் படித்தாள். லினக்ஸில் சென்ஸார்களுக்கென்றே இருக்கும் ஐ.ஐ.ஓ பிரிவில், அதேபோன்ற வேறு சென்ஸார்களின் டிரைவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஒரு ஞாயிறு இரவு ஸ்க்ரீனில் `37.4' என்று வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பிக் காட்டினாள். மறுநாளே 420 முட்டை அடை வைத்தார் அப்பா.

அந்த வாரமே டிரைவரைப் பொது லினக்ஸில் சேர்க்கச் சொல்லி மெயிலில் அனுப்பினாள். இதற்குப் பெயர் `பேட்ச்'. அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்பவர்கள் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பார்கள். திருப்தியானால்தான் சேர்ப்பார்கள்.

பதில் வந்தது, முட்டைகளைப் பார்த்த அந்தக் காலைக்கு மறுநாள். முன்பின் தெரியாத ஒருவர், எங்கோ இருந்துகொண்டு, பதினோரு இடங்களில் குறை சொல்லியிருந்தார். இந்தப் பெயர் புரியவில்லை, இந்த எண் எங்கிருந்து வந்தது, இங்கே எதற்கு ஒரு வெற்று வரி... படிக்கப் படிக்க எரிச்சலாக வந்தது. ஏழாவது குறையில் அப்படியே நின்றுவிட்டாள்.

`சென்ஸார் அனுப்பும் சரிபார்ப்பு பைட்டை ஏன் பார்க்காமல் விடுகிறீர்கள்?'

ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கணக்கு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதுபோல, இந்த சென்ஸாரும் ஒவ்வோர் அளவோடும் ஒரு சரிபார்ப்பு பைட்டை அனுப்புகிறது. வழியில் எண் கெட்டுப்போனால் தெரிந்துகொள்வதற்காக. அவள் அதைப் படிக்காமலே தள்ளிவிட்டிருந்தாள். மேஜையில் வைத்துப் பார்த்தபோது ஒருமுறைகூட எண் கெடவில்லை. அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டது, அப்படியே விட்டுப்போயிருந்தது.

அன்று இரவே ஊருக்கு பஸ் ஏறினாள். மெஷினில் பதிவாகியிருந்த அளவுகளை எடுத்துப் பார்த்தாள். 37.6, 37.5, 37.6... நடுவில் திடீரென்று 29. அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் 40.8. மணிக்கு ஒருமுறை இல்லாவிட்டாலும் ஒரு நாளில் பலமுறை. எல்லாமே தட்டைச் சாய்க்கும் மோட்டார் ஓடும் நேரங்கள். மோட்டாரின் மின் இரைச்சல் பக்கத்து வயரில் ஏறி எண்ணைக் கெடுத்திருக்கிறது. 29 டிகிரிதான் இருக்கிறது என்று நம்பிய மெஷின், அடுத்த அளவு எடுக்கும்வரை ஐந்து நிமிடம் ஹீட்டரை விடாமல் எரித்திருக்கிறது. யாரும் வந்து பார்க்கும்போது மட்டும் ஸ்க்ரீனில் 37.6.

முட்டையில் கோளாறு இல்லை.

அப்பாவிடம் சொல்லாமல் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் முட்டை வியாபாரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். இனி அவரிடம் வாங்கப்போவதில்லை என்றும் சொல்லியிருந்தார். காலையில் காபி குடிக்கும்போது சொன்னாள். ``முட்டையில தப்பில்லீங்கப்பா. நான் எழுதினதுலதான் தப்பு.''

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. ``யார் கண்டுபிடிச்சது?'' என்றார்.

``யாருன்னு தெரியலீங்கப்பா. நான் எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டு ஒருத்தர் சொன்னார்.''

``உனக்குச் சம்பளம் குடுக்கற கம்பெனி ஆளா?''

``இல்லீங்கப்பா. எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.''

அப்பா எழுந்துபோய் முட்டை வியாபாரிக்கு போன் போட்டார். ``அடுத்த வாரம் 400 முட்டை வேணுமுங்க'' என்றவர், குரலைத் தாழ்த்தி, ``போன தடவை என்னமோ சொல்லிப்போட்டேன், மனசுல வச்சுக்காதீங்க'' என்றார். அதைக் கேட்டபிறகுதான் மகளுக்கு அழுகை வந்தது.

ஐந்தாவது முறை

சரிபார்ப்பு பைட்டைச் சேர்த்தாள். கணக்கு உதைத்தால் அந்த அளவைத் தள்ளிவிட்டு மறுபடி அளக்கும்படி மெஷினின் புரோகிராமையும் மாற்றினாள். மோட்டார் வயரையும் சென்ஸார் வயரையும் தனித்தனியே பிரித்துக் கட்டினார் அப்பா. 400 முட்டையில் 331 குஞ்சுகள் பொரிந்தன.

பேட்ச் அவ்வளவு சீக்கிரம் ஏற்கப்படவில்லை. இரண்டாவது முறை அனுப்பியதில் ஐந்து குறைகள். மூன்றாவதில் மூன்று. நான்காவதில், டிரைவரோடு சேர்ந்து போக வேண்டிய ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழை. ஐந்தாவது முறை, `ஏற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி' என்ற பொருளில் ஒரே வரி வந்தது. லினக்ஸின் புதுப் பதிப்பு ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகும். அதுவரை காத்திருந்தாள். வெளியான அன்று, அந்த டிரைவரின் பக்கத்தைத் திறந்து, தன் பெயர் இருக்கும் வரியை அப்பாவிடம் காட்டினாள். அதற்குக் கீழேயே, குறை சொன்ன அந்த மனிதரின் பெயரும் இருந்தது.

அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

``இனி இந்தச் சென்ஸாரை யார் வாங்கி மாட்டுனாலும் ஓடுமா?''

``புது லினக்ஸ் இருந்தா ஓடுமுங்கப்பா.''

``அதுக்குக் காசு?''

``இல்லீங்கப்பா.''

கண்ணாடியைக் கழற்றி மடித்து சட்டைப்பையில் வைத்தார்.

``அப்ப இன்னொருத்தன் முட்டை நம்ம முட்டையாட்டப் போகாது'' என்று சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். புதிதாக அடை வைத்ததற்கு அன்று ஏழாம் நாள்.