ஒட்டு

1902இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸார் லென்ஸில் நான்கு கண்ணாடிகள். பின்பக்கத்து இரண்டும் சேர்த்து ஒட்டப்பட்டவை. பழைய லென்ஸ்களில் ஒட்டுவதற்குக் கனடா பால்சம், ஃபிர் மரவகையொன்றின் பிசின். அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதை நெருங்குவதால், பிடித்திருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. விட்டுப்போன பிறகுதான் வானவில் வளையங்களாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, லைட்ஹவுஸ் குப்பத்தில், நண்பரின் தகப்பனார் விட்டுச்சென்ற டெஸ்ஸாருக்கு உப்புக்காற்றில் இதுதான் நேர்ந்தது. இதைச் சரிசெய்யலாம். மெல்லச் சூடேற்றினால் பிசின் இளகும். அவசரப்பட்டால் கண்ணாடி விரியும். பிசினைக் கரைத்துத் துடைத்து, இரண்டின் அச்சும் ஒன்றாக நிற்கும்படி மறுபடி ஒட்டவேண்டும். புற ஊதாக் கதிரில் இறுகும் இன்றைய பசை இன்னும் உறுதியானது. ஆனால் பிரிப்பது கடினம். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு உறுதியானதன்மேல்தான் மனம் போயிற்று. நண்பர் மறுத்தார்: "பழைய பிசினே போதும் சார். நாளைக்கு வேற ஒருத்தன் தொறக்கணும்ல."

விமர்சனத்தில் நாம் நாடுவது பெரும்பாலும் அந்தப் புதுப் பசையை. படைப்போடு இறுகிப்போய்விடுகிற தீர்ப்புகள். படைப்பு உடையாமல், பின்னால் வருகிறவன் பிரித்தெடுக்கக்கூடிய விமர்சனம் நம்மிடம் எத்தனை இருக்கிறது?