பழவேற்காட்டு ஏரியும் ஒரு தவறான விடைக்குறிப்பும்

சற்றே நீண்ட பதிவு. ஆசிரியர் கல்வித் துறையிலுள்ள நண்பர்களும் பி.எட். மாணவர்களும் பொறுமையுடன் வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது, நாற்பது பி.எட். மாணவர்களுக்கு மதிப்பீட்டு வடிவமைப்பை இணையவழியில் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. திரைக்கு அப்பால் யார் கவனிக்கிறார், யார் உறங்குகிறார் என்று அறிய இயலாத வகுப்பு. ஆகவே ஒவ்வொரு வகுப்பையும் ஒரு வினாடி வினா விளையாட்டுடன் தொடங்கினேன். கைப்பேசியில் வினா தோன்றும். விரைந்து விடையளிப்பவருக்குக் கூடுதல் புள்ளிகள். முடிவில் தரவரிசைப் பலகையில் பெயர்கள் ஏறி இறங்கும். வகுப்பு கலகலப்பானது. நானும் மகிழ்ந்தேன்.

அப்பலகையில் ஒரு பெயர் மட்டும் ஐந்து வாரங்களாக அடியிலேயே இருந்தது. தடாவைச் சேர்ந்த மாணவி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தமிழ் எழுத்துகளைப் பின்னாளில் தாமாகக் கற்றுக்கொண்டவர். கல்லூரி நடந்த நாள்களில் சூலூர்ப்பேட்டை புறநகர் ரயிலில் வந்து செல்வார். ஊரடங்கில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மொட்டைமாடியில் அமர்ந்து வகுப்பைக் கேட்டார். ஆறாம் வாரம் எனக்கு எழுதினார்: "சார், எல்லோர் முன்னும் என் பெயர் கடைசியில் வருகிறது. ஆசிரியர் பணி எனக்கு ஒத்துவராது போலும். படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்." அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் பதில் எழுதினேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அதே வாரத்தில் மாணவர்கள் ஒரு பயிற்சியில் ஈடுபட்டிருந்தனர். ஆறாம் வகுப்பு அறிவியலில் 'நீர்' பற்றி இருபது வினாக்களைப் பகிர்வு ஆவணமொன்றில் கூடி எழுதினர். அவற்றைக் கூகுள் படிவமாக்கித் தத்தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பினர். தெலுங்கு வடிவத்தை அம்மாணவியே செய்து தந்தார். 41 பிள்ளைகள் விடையளித்தனர்.

விடைகள் விரிதாளில் வந்து சேர்ந்ததும் வினாப் பகுப்பாய்வைத் தொடங்கினோம். ட்ரூமன் கெல்லி 1939இல் பரிந்துரைத்த முறைப்படி, மொத்த மதிப்பெண் வரிசையில் மேலுள்ள 27 விழுக்காட்டினரையும் கீழுள்ள 27 விழுக்காட்டினரையும் பிரித்தோம், குழுவுக்குப் பதினொருவர். ஒரு வினாவுக்கு மேல்குழுவில் சரியாக விடையளித்தோர் எண்ணிக்கையிலிருந்து கீழ்குழுவினர் எண்ணிக்கையைக் கழித்து, ஒரு குழுவின் அளவால் வகுத்தால் அவ்வினாவின் வேறுபடுத்தும் திறன் கிடைக்கும். நல்ல வினாவுக்கு அது நேர்மறையாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வினாவுக்கு −0.45 வந்தது. "ஏரி நீர் எவ்வகையைச் சார்ந்தது?" என்பது வினா, 'நன்னீர்' என்பது விடைக்குறிப்பு. மேல்குழுவில் மூவரும் கீழ்குழுவில் எண்மரும் அதைத் தேர்ந்திருந்தனர். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கவனக்குறைவாக இருந்திருப்பார்கள் என்றார் ஒரு மாணவர். நானும் அவ்வாறே எண்ணினேன்.

அதுவரை வகுப்பில் வாய் திறவாத தடா மாணவி ஒலிவாங்கியை இயக்கினார். "சார், உவர்நீர் என்று எழுதியவர்கள் எங்கள் பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகள். அவர்கள் பார்த்து வளர்ந்த ஏரி பழவேற்காடு. அதன் நீர் உப்புக் கரிக்கும்."

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரம் வழியே கடல்நீர் உட்புகுகிறது. அப்பிள்ளைகள் கண்டறிந்த உண்மையைத்தான் எழுதியிருந்தனர். அவ்விடைக்குறிப்பைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்தவன் நான்.

அம்மாணவியே வினாவைத் திருத்தினார்: "பழவேற்காட்டு ஏரி நீரின் உப்புத்தன்மை மழைக்காலத்தில் குறைவதும் கோடையில் கூடுவதும் ஏன்?" நினைவை மட்டும் கேட்ட வினா, காரணத்தைக் கேட்கும் வினாவாயிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளைகளின் தேர்வைச் சோதித்த அளவுகோலை என் விளையாட்டின்மீது நான் ஒருமுறையும் வைத்துப் பார்த்ததில்லை. ஐந்து வாரங்களின் அறிக்கைகளைத் தரவிறக்கினேன். விரைவுப் புள்ளிகளை நீக்கிச் சரியான விடைகளை மட்டும் எண்ணி வரிசைப்படுத்தினேன். நாற்பது பேரில் அவர் மூன்றாம் இடத்தில் இருந்தார்.

அளக்க விரும்பிய திறனுக்குத் தொடர்பற்ற காரணங்கள் மதிப்பெண்ணில் கலப்பதை, ஏற்புடைமைக்கு நேரும் முதன்மையான அச்சுறுத்தல்களுள் ஒன்றாகச் சாமுவேல் மெசிக் 1989இல் விளக்கினார். நான் அதைப் பாடமாக நடத்தியவன், தேர்விலும் கேட்டவன். என் பலகையோ சிக்னலின் வலுவையும் தமிழ் எழுத்தை வாசிக்கும் வேகத்தையும் அளந்துவிட்டு, அதற்கு அறிவு என்று பெயரிட்டிருந்தது.

மறுநாள் காலை திருத்திய பட்டியலை முதலில் அவருக்கும் பின்னர் வகுப்புக்கும் அனுப்பி, என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் படிப்பை நிறைவு செய்தார்.

இணையக் கருவிகளை நான் கைவிடவில்லை. நாற்பது பேர் ஒரே விரிதாளில் தம் வினாக்களின் குறையைக் கண்ணெதிரே காண்பது கரும்பலகையில் எளிதன்று. ஆனால் நேரக் கணக்கையும் பெயர்ப் பலகையையும் நீக்கிவிட்டேன். ஒவ்வொரு வினாடி வினாவின் தரவையும் மாணவர்களிடமே கொடுத்துப் பகுப்பாய்வு செய்யச் சொல்கிறேன். முதலில் சோதிக்கப்படுபவை என் வினாக்கள்.

இத்தகைய விளையாட்டுகளைப் பயன்படுத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அறிக்கை ஒன்றைத் திறந்து, விரைவுப் புள்ளிகளை நீக்கி மீண்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். கீழிருந்து மேலே வரும் பெயர்கள் யாருடையவை என்று கவனியுங்கள்.