மன்றாட்டில் விடுபட்டவர்கள்

2019ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், மாதத்தின் முதல் வெள்ளி. மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் மாதா கோவிலுக்குப் பூசை காணச் சென்றோம். மன்றாட்டு வேளையில் அபிநந்தன் வர்த்தமானுக்காக ஜெபித்தோம். தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்த விமானப்படை வீரர். அன்று எங்கள் எல்லாருக்கும் வீட்டுப் பிள்ளை. பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள், பிப்ரவரி 27இல், காஷ்மீர் எல்லைக்கோட்டருகே அவரது மிக்-21 வீழ்த்தப்பட்டது. அவர் பாகிஸ்தானில் சிறைப்பட்டார். அணுகுண்டு வைத்திருக்கும் இரு நாடுகளும் போரின் விளிம்பில் நின்றன. வெள்ளியிரவு ஒன்பது மணிக்குமேல் அவர் வாகா எல்லையைக் கடந்து வந்ததைத் தொலைக்காட்சியில் கண்டு கண்கலங்கினோம்.

அதே 27ஆம் நாள் காலையில் ஸ்ரீநகரை அடுத்த பட்காமில் நமது மி-17 ஹெலிகாப்டர் ஒன்றும் விழுந்தது. அதிலிருந்த விமானப்படையினர் அறுவரும், தரையில் நின்ற ஊர்க்காரர் ஒருவரும் மாண்டனர். அதைச் சுட்டது பகைவன் அல்லன், நம் ஏவுகணையே. அன்றைய பதற்றத்தில் சொந்தப் பிள்ளைகளையே பகைவரென்று எண்ணிவிட்டனர். அது தெரியாத நாங்கள் விபத்துச் செய்தியாகப் படித்துத் தாளைப் புரட்டிவிட்டோம். மன்றாட்டில் அந்த எழுவர் இல்லை.

அவ்வாண்டு அக்டோபர் 4இல் விமானப்படைத் தளபதி பதௌரியா, அது பெருந்தவறு என்று ஊரறிய ஒப்புக்கொண்டார். படைத்தலைவர் வாயிலிருந்து அச்சொல் எளிதில் வருவதன்று. அன்று அசிசி பிரான்சிஸ் திருநாள். அதுவும் முதல் வெள்ளி. மறுநாள் செய்தியைப் படித்துவிட்டு, பூசை எழுதிக்கொடுக்கக் கோவிலுக்குப் போனோம். யார் பெயருக்கு என்று கேட்டார்கள். பட்காமில் இறந்த ஏழு பேருக்கு என்றோம்.