தோட்டாப் பை

மாதனூரில் வாழும் எங்களுக்குத் தோலின் வாடை புதிதன்று. எம் மாணவரில் பலர் பதனிடும் ஆலைகளிலும் காலணிக் கூடங்களிலும் உழைப்போரின் பிள்ளைகள்.

சென்ற ஆண்டு அவர்களை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்த கதையைச் சொல்லும்போது, அக்காலத் தோட்டாவை விளக்கக் காகிதமொன்றைச் சுருட்டிக் காட்டினோம். ஈயக் குண்டு, அளந்த மருந்து, இரண்டையும் கையால் பொதிந்த சுருள், அவ்வளவே தோட்டா. பல்லால் கடித்துக் கிழித்து, சிறிது மருந்தைத் துப்பாக்கியின் கிண்ணியிலும் மிச்சத்தைக் குழலிலும் இட்டு, குண்டைக் காகிதத்தோடு கோலால் இடித்து இறக்க வேண்டும். தேர்ந்தவன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவான். மதில்மேல் ஒண்டிய வெள்ளையரிடம் தோட்டா தீர்ந்துபோயிற்று. ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பி அவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியோடுதான் தாக்குதலுக்கு நடத்திச் சென்றார்.

புதிய தலைப்பாகையில் தோல் சின்னம் வைத்ததும் எழுச்சிக்கு ஒரு காரணம் என்றோம். மாணவியொருத்தி கேட்டாள்:

“தோட்டாவை எதில் வைத்திருந்தார்கள், ஐயா?”

“தோல் பையில்.”

“தோல் இடுப்பில் இருந்தால் சரி, தலையில் ஏறினால் தீட்டா?”

அவள் தாய் காலணி தைப்பவர்.

நெற்றிக்குறியை விலக்கியதும், தாடியை மழிக்கச் சொன்னதும், மதம் மாற்றுவார்களோ என்ற அச்சமும் சினத்தை மூட்டின என்றோம். சொன்னது பொய்யன்று; அவள் கேட்டதற்கு விடையும் அன்று. இருபதாண்டுகளாக இக்கதையைப் பெருமிதத்தோடு சொல்லி வருகிறோம். அந்தப் பையைத் தைத்த கைகளை ஒருமுறையும் நினைத்ததில்லை.