ஒரு அப்பா, ஒரு மகள், ஒரு 4கே மானிட்டர்

ஈரோட்டில் ஒரு அப்பா. சென்னையில் ஒரு மகள். நடுவில் ஒரு 27 அங்குல மானிட்டர். கதை இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு மனிதர் நாற்பது வருடத் தொழிலை மூட்டை கட்டி வைக்கப் பார்த்தார் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படிக்கவும்.

அப்பா கணக்கு எழுதுபவர். ஆடிட்டர் இல்லை. ஓர் ஆடிட்டர் ஆபீசில் வெகுகாலம் குப்பை கொட்டிவிட்டு, பிறகு வீட்டிலிருந்தே ஏழு கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பவர். இரண்டு மஞ்சள் மண்டி, மூன்று ஜவுளிக்கடை, ஒரு ஹார்டுவேர், ஒரு பேக்கரி. 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு இந்த மாதிரி ஆட்களுக்கு மாதம் என்பது வெறும் தேதிகள்தான். 14-ஆம் தேதி 2பி வந்து விழும். 20-ஆம் தேதிக்குள் 3பி போட வேண்டும். நடுவில் இருக்கும் ஆறு நாளில் 2பி-யை ஒரு பக்கமும் கொள்முதல் பதிவேட்டை இன்னொரு பக்கமும் திறந்து வைத்து பில் பில்லாக ஒப்பிட வேண்டும். பி.காம். படிக்கிற மக்களே, 'ரீகன்சிலியேஷன்' என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறீர்களே, அதேதான்! லேப்டாப்பின் சின்னத் திரையில் இரண்டு ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றிலும் நாலு காலம்தான் தெரியும்.

அப்பாவுக்கு வயது 61. இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. கஷ்டப்படுகிறாரே என்று மகள் போனஸ் பணத்தில் ஒரு 4கே மானிட்டர் வாங்கி அனுப்பினாள். பக்கத்து வீட்டுப் பையன் வந்து, பெட்டிக்குள் இருந்த எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகிவிட்டுப் போனான். படம் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சந்தோஷம் இரண்டு நாள்தான். எழுத்தெல்லாம் கடுகு மாதிரி இருந்தது. மவுஸை நகர்த்தினால் அம்பு பின்னாலேயே நொண்டி நொண்டி வந்தது. பையன் மறுபடி வந்து ரெசல்யூஷனை 1920×1080 என்று மாற்றினான். எழுத்து பெரிதாகிவிட்டது, மவுஸும் ஓடியது. ஆனால் எழுத்தின் ஓரமெல்லாம் ஈரத்தாளில் மை ஊறினமாதிரி. 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் உங்களையும் சுற்றி இருக்கிறவர்களையும் கேட்டால் "மானிட்டர்ல ஏதோ கோளாறு" என்போம். 61 வயதுக்காரர் அப்படி நினைக்கவில்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். கண் டாக்டரிடம் போனார். டாக்டர் பார்த்துவிட்டு லென்ஸ் நன்றாக இருக்கிறது, பார்வையும் சரியாக இருக்கிறது என்றார். அப்பா நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு கடைக்காரர்களுக்கு போன் செய்து "அடுத்த மாசத்துலருந்து வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஆசையாக வாங்கி அனுப்பிய பொருளைக் குறை சொன்னமாதிரி ஆகிவிடும் பாருங்கள்.

அம்மாதான் போட்டு உடைத்தார். "உங்கப்பாவுக்கு மறுபடி கண்ணு மங்குதாட்ட இருக்குது அம்மணி. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

"பேப்பர் படிக்கறாராம்மா?"

"அதெல்லாம் வரி விளம்பரம் முதக்கொண்டு படிக்கறாங்க."

வரி விளம்பரம் படிக்கிற கண்ணுக்கு 27 அங்குலத் திரை எப்படி மங்கும்? மகளுக்கு அங்கேதான் பொறி தட்டியது. ராத்திரியே வீடியோ காலில் அப்பாவை உட்கார வைத்தாள். டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்று ஒன்று இருக்கும். ரெசல்யூஷனை மறுபடி 3840×2160 ஆக்கிவிட்டு அங்கே பார்த்தால் 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. 60 இருக்க வேண்டிய இடத்தில் 30. மவுஸ் நொண்டினதற்குக் காரணம் அதுதான்.

இங்கே கொஞ்சம் கணக்கு. (நம் பாஷையிலேயே, பயப்பட வேண்டாம்.) 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். வினாடிக்கு 60 தடவை அத்தனை புள்ளியையும் அனுப்ப வேண்டும். ஒரு புள்ளிக்கு 24 பிட். மொத்தம் வினாடிக்குச் சுமார் 1,194 கோடி பிட், மேல்செலவு தனி. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 என்கிற முறையில் படத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் 816 கோடி. வரவு 816, செலவு 1,194. எப்படிக் கட்டுப்படியாகும்? அதனால் லேப்டாப் சத்தம் போடாமல் 60-ஐ 30 ஆக்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. படம் வருகிறதல்லவா, அது போதும் என்று நினைத்துக்கொள்ளும். 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0-வில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் பல வருடங்கள் கழித்து வந்த விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றிலும் பழைய 1.4 ஓட்டையே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஓட்டை. எங்கேயும் எழுதியிருக்காது.

மகளுக்கு அன்று இதெல்லாம் தெரியாது. கேபிள்தான் மட்டமானது என்று நினைத்து, '8கே' என்று அட்டையில் போட்ட கேபிளை 900 ரூபாய்க்கு வாங்கி அனுப்பினாள். அதே 30. ஓட்டை பழசாக இருக்கும்போது கேபிள் என்ன செய்யும்? அடுத்து, லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை ஒன்று இருக்கிறதே என்று 2,600 ரூபாய்க்கு ஒரு ஹப். பென் டிரைவ், பிரிண்டர், மானிட்டர் எல்லாம் ஒன்றிலேயே சொருகலாம், '4கே' என்றும் பெரிதாகப் போட்டிருந்தது. சொருகினார்கள். அதே 30!

அட்டையில் பொய் இல்லை. 4கே என்றுதான் போட்டிருந்தார்கள், 60 என்று போடவில்லையே :) விஷயம் என்னவென்றால், டைப்-சி கேபிளுக்குள் வேகமான டேட்டாவுக்கு நான்கு பாதைகள் உண்டு. ஹப் அதில் இரண்டைப் பென் டிரைவ் வகையறாவுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைத்தான் படத்துக்குக் கொடுக்கிறது. கொஞ்சம் பழைய லேப்டாப்பாக இருந்தால் இரண்டு பாதையில் 4கே 30-க்கு மேல் போகாது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'லிமிட்டிங் ஃபேக்டர்' என்று படித்திருப்பீர்கள். லேப்டாப்பின் சிப், ஓட்டை, கேபிள், ஹப், மானிட்டர் என்று ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆகக் குறைந்தவன் யாரோ அவன் அளவுக்குத்தான் படம். மற்ற நாலு பேருக்கும் எவ்வளவு கொட்டினாலும் தண்டம்.

(இந்தத் தலைவலி இன்று நேற்று வந்ததில்லை. 2001-இல் ஐபிஎம் 3840×2400 புள்ளிகள் கொண்ட 22 அங்குல மானிட்டரைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து டிவிஐ கேபிள் ஒன்றால் அதைத் தாங்க முடியாமல் நான்கு இணைப்பு வரைக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. திரை எப்போதும் முன்னால் ஓடிவிடும், கேபிள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும்.)

ஆக வழி ஒன்றுதான். நடுவில் ஹப் இல்லாமல், டைப்-சியிலிருந்து நேராக மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஒரே கேபிள். நான்கு பாதையும் படத்துக்கே. இந்தத் தடவை மகள் உஷார். டைப்-சி ஓட்டை எல்லாமே படம் அனுப்பாது, சிலது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். ஹப்பில் படம் வந்ததால் இந்த ஓட்டை அனுப்பும் என்று தெரிந்துவிட்டது. ஹப்புக்கு அந்த ஒரு புண்ணியம் உண்டு. கேபிள் 1,350 ரூபாய். ரிச்சி தெருவில் வாங்கி கூரியரில் போட்டாள். 13-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது.

சொருகினார்கள். 30.

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "விடுங்கப்பா, அந்த மானிட்டரத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள். அதுவரை சொன்னதைச் செய்துகொண்டிருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "இரு அம்மணி. டிரையல் பேலன்ஸ் இடிச்சா புஸ்தகத்தையா தூக்கிப் போடுவோம்? ஒண்ணொண்ணாத் திருப்பிப் பாக்கறேன், நீ போய்ப் படு."

ராத்திரி பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். மானிட்டரின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, மெனுவில் ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட் 1.1' என்று இருந்தது. பக்கத்திலேயே 1.2 என்றும் ஒன்று. பழைய கம்ப்யூட்டர்களோடு ஒத்துப்போவதற்காகச் சில மானிட்டர்களைக் குறைந்த அளவில் வைத்தே அனுப்புவார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. பெரிய எண் இருக்கும்போது எதற்குச் சின்னதில் நிற்கிறது என்று மாற்றிப் பார்த்திருக்கிறார். திரை ஒரு தடவை கறுத்து மறுபடி வந்தது. 60.

காலையில் மகள் போனில் ஸ்கேலிங்கை மட்டும் 150 சதவீதம் ஆக்கச் சொன்னாள். ரெசல்யூஷனைக் குறைக்காமல் எழுத்தைப் பெரிதாக்க அதுதான் சரியான வழி. பையன் முதல் நாளே அதைச் செய்திருந்தால் எழுத்தாவது தெளிவாக இருந்திருக்கும். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

"3-உம் 8-உம் தெரியுதாப்பா?"

"பைசா முதக்கொண்டு தெரியுது."

அன்று 14-ஆம் தேதி. 2பி வந்திருந்தது. ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் பதிவேடு. மத்தியானத்துக்குள் ஜவுளிக்கடையில் விட்டுப்போன மூன்று பில்களைப் பிடித்துவிட்டார். சாயங்காலம், வேண்டாம் என்று சொல்லியிருந்த இரண்டு கடைகளுக்கும் போன் செய்தார். மஞ்சள் மண்டிக்காரர் "நாங்க எங்கீங்க வேற ஆளப் பாத்தோம், நீங்களே பாருங்க" என்றார். பேக்கரி ஏற்கெனவே வேறொருவரிடம் போய்விட்டது. மாதம் 1,500 ரூபாய். அது போனது போனதுதான்.

900 ரூபாய் கேபிள் இப்போது டிவிக்குப் பின்னால் இருக்கிறது. ஹப்பைத் தூக்கிப் போடச் சொன்னாள் மகள். அப்பா கேட்கவில்லை. அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது அது பிரிண்டரோடு மாட்டியிருந்ததாம். கணக்கு நோட்டில் மூன்றையும் தனித்தனியாக, தேதி போட்டு, 'கண் வைத்தியச் செலவு' என்ற தலைப்பில் எழுதி வைத்திருக்கிறார்.