தவறான தராசு

நூற்பாலைப் பணி முடிந்து வீடு திரும்பும் வழியில், உடுமலைப்பேட்டைப் பள்ளித் திடலில் என் மகன் கூடைப்பந்து ஆடுவதை நின்று காண்பது என் வழக்கம். அவனுக்கு வயது 15. அவன் எறியும் பந்து குறி தவறும்போதெல்லாம், "லெப்ரான் ஜேம்ஸைப் பார், 18 வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார்" என்பேன். ஒருநாள் அவன் காலணிகளைப் பரண்மேல் போட்டுவிட்டான். "நான் அவரில்லையே, அப்பா" என்றான். அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது.

அன்றிரவு அவனருகே அமர்ந்து வேறொரு வரலாறு கூறினேன். 1978-இல் மைக்கேல் ஜோர்டானுக்கும் வயது 15. பள்ளியின் முதன்மை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இளையோர் அணியில்தான் ஆடினார். மனந்தளராது பயின்றார், உயரமும் பின்னரே கூடிற்று. அவர் ஆடிய சிகாகோ புல்ஸ் அணி 6 முறை வாகை சூடியது. 2003-இல் களம் புகுந்த லெப்ரானும், அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகளைக் கடந்தது 2023-இல், தம் இருபதாம் பருவத்தில்தான்.

முற்றிய கதிரோடு இளநாற்றை நிறுத்துப் பார்த்தது என் தவறு. பெற்றோரே, பிள்ளையின் இன்றைய ஆட்டத்தை அவனது நேற்றைய ஆட்டத்தோடு ஒப்பிடுங்கள், அது போதும்.

மறுநாள் மாலை திடலில் மீண்டும் அவனைக் கண்டேன். பந்து குறி தவறியது. நான் வாய் திறக்கவில்லை.